ஒரு சாண் வேகம்

எங்கள் வீட்டில் முதலாவதாக வருவது எதுவென்றாலும் அது நயினாதீவு அம்மாளின் காலடிக்குப் போய்த்தான் திரும்பி வரும். நான் கலியாணம் முடித்து வேலணைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். முதல் கிண்டின வெங்காயத்தில் ஒரு பிடி, முதல் வெட்டின புகையிலையில் ஒரு இலை. அம்மாளுக்குப் புகையிலை என்னத்துக்கு என்று ஐயர் ஒருமுறை கேட்டார். எங்கள் மண்ணில் விளைகிறது அதுதான் என்று என் கணவர் சொன்னார். அதற்குப் பிறகு ஐயர் ஒன்றும் கேட்பதில்லை. மகளின் சோதனைப் பெறுபேறு, அவள் கொழும்புக் கம்பசுக்கு எடுபட்ட கடிதம், பிறகு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம், எல்லாம் அந்தத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தவைதான்.

ஆகவே அவளுடைய முதல் கட்டுரை அச்சில் வந்து, அதன் பிரதி தபாலில் எங்கள் கைக்குக் கிடைத்தபோது, அதை என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

அது சண்டையால் தரைப்பாதை பூட்டுப்பட்டிருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்கு எடுக்கும். அந்த உறையும் இரண்டு தரம் பிரித்து ஒட்டப்பட்டுத்தான் வந்தது. உள்ளே நாலு தாள். எல்லாம் இங்கிலிசு. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். இங்கிலிசு எழுத்துக் கூட்டுவேன், பொருள் தெரியாது. மேலே ஆறு பேரின் பெயர்கள் இருந்தன. மூன்றாவதாக எங்கள் பிள்ளையின் பெயர். அதற்கு முன்னால் தகப்பனின் பெயரை எழுத்து விடாமல் முழுதாக அடித்திருந்தார்கள். இவர் அந்த வரியில் விரலை வைத்தபடி கன நேரம் இருந்தார். புகையிலைக் கறை ஏறிய விரல். தாளில் படாமல் ஒரு நூல் மேலே பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் என்ன படிக்கிறாள் என்று ஊரில் ஆரும் கேட்டால் பௌதிகம் என்று சொல்லி நிறுத்திவிடுவோம். வாயுவைக் குளிராக்கிப் பார்க்கிற படிப்பு என்று ஒருதரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளங்கப்படுத்தப் போனேன். "அப்ப ஐஸ்பெட்டி திருத்துற வேலையே?" என்று அவ கேட்டா. பிறகு தன் வீட்டுப் பழுதான ஐஸ்பெட்டியைப் பற்றியும் சொன்னா.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியடித் தொலைபேசிக் கடைக்கு மகள் எடுப்பாள். அந்த ஞாயிறு கட்டுரையையும் கொண்டு போனோம். படம் படமாக அவள் சொல்லச் சொல்ல, நான் காதில் வைத்துக்கொண்டு உரத்துச் சொல்ல, இவர் கடைசித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் எங்களுக்கு எல்லாம் மறந்துபோகும். அதனால்தான் அப்படி.

அவள் சொன்னது இது. காற்றே இல்லாத ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் கொஞ்ச வாயுவை, ஒன்றிலும் முட்டாமல், காந்தத்தாலும் வெளிச்சத்தாலும் தாங்கிப் பிடிப்பார்கள். இதற்குமேல் குளிரே இல்லை என்கிற எல்லை ஒன்று இருக்கிறதாம். அந்த எல்லைக்கு, ஒரு பாகையைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு தூரம் வரைக்கும் அதைக் கொண்டு போவார்கள். அதுவரை தன்பாட்டில் திரிந்த அணுக்கள் அப்போது ஒன்றாகிவிடும். திருவிழாவில் கடலை வாங்குகிற சனம் மாதிரி இருந்தது, தேர்வடம் பிடித்த சனம் மாதிரி ஆகிவிடும் என்றாள். அப்படியான வாயு உராய்வில்லாமல் ஓடும். சுற்றிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வாயுமேகம் தலைமயிரைப் போல மெல்லிசு, வடிவத்தில் ஒரு சுருட்டு மாதிரி. அதன் நடுவில் வெளிச்சத்தால் ஒரு அடி அடித்தால், மேடு மாதிரி இரண்டு அலைகள் இரண்டு பக்கமும் போகும். அதுதான் அதற்குள் போகிற ஒலி. அது போகிற வேகம் ஒரு செக்கனுக்கு ஒரு நெல்லின் நீளம் கூட வராதாம்.

சுருட்டு என்றதும் இவருக்குச் சந்தோசம். தனக்குத் தெரிந்த ஒன்று வந்துவிட்டது. இரண்டு முனையும் கூராக ஒரு நீட்டுச் சுருட்டைக் கீறினார். நடுவில் ஒரு அம்புக்குறி. இரண்டு பக்கமும் ஓடுகிற மாதிரி இரண்டு கோடு. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், *நடுவில் அடித்தால் இரண்டு பக்கமும் போகும்* என்று எழுதினார். அதற்கும் கீழே, *வேகம் பார்க்க வேணும்*.

அந்த வேகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் பிள்ளை என்று நான் கேட்டேன்.

"அம்மா, குசினியிலை ஒரு பேசினிலை தண்ணியை அசையாமல் வைச்சு, ஒரு விளக்குமாத்து ஈர்க்கை நட்டுப் பிடிச்சு மெள்ள இழுத்துப் பாருங்கோ. ஒரு செக்கனுக்கு ஒரு சாணுக்குக் குறைய இழுத்தால் தண்ணிக்கு நீங்கள் வந்ததே தெரியாது. அதுக்குக் கூட இழுத்தால்தான் அலை வரும். தண்ணியும் எங்கடை வாயுவும் ஒண்டில்லை. ஆனா விளங்கிறதுக்கு இது காணும்."

அவளுடைய வாயுவுக்கும் அப்படி ஒரு வேகம் இருக்கிறதாம். அதற்குக் குறைவாக எதை அதற்குள்ளால் இழுத்தாலும் அதற்குத் தெரியாது, ஒரு துளி சூடு கூட ஏறாது. அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒலியின் வேகம் தெரிய வேண்டும். இதுதான் கட்டுரை.

நான் குசினியில் செய்து பார்த்தேன். செக்கனை எண்ணுவதற்கு இவரின் கைமணிக்கூட்டோடு வைத்துப் பழகினேன். "அம்மாளே" என்று ஆறுதலாக ஒருதரம் சொன்னால் சரியாக ஒரு செக்கன். அம்மாளே என்று சொல்லி முடியுமுன் ஈர்க்கு ஒரு சாண் போகாமல் பார்த்துக்கொண்டால் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கொஞ்சம் கூடினால் முன்னால் சுருக்கம் விழுந்தது. பிறகு இவரும் செய்தார். என்னைவிட அவருக்கு நன்றாக வந்தது. வெங்காய நாற்று நட்ட கை.

ஆனியில் கொடியேறியது. நாலாம் திருவிழாவன்று காலையில், கட்டுரையின் முதல் தாளில் நாலு மூலைக்கும் மஞ்சள் தொட்டு வைத்தேன். புதுத்தாள் எதற்கும் வைக்கிறதுதான். மஞ்சள் துணியில் சுற்றி இவரின் பைக்குள் தேங்காயோடு வைத்தேன். கடைசித் தாளின் பின்பக்கம் என் நினைவில் இல்லை. அவருக்கும் இல்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறுமுன் கடற்படையின் காவலரணில், சென்றியில், பைகளைக் கொட்டிக் காட்ட வேண்டும். பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. நான் என் பக்கம் முடித்துக்கொண்டு வள்ளத்தடியில் போய் நின்றேன். சோழகக் காற்று சேலையைப் பிய்த்தது. திரும்பிப் பார்த்தபோது, சீருடைக்காரர் ஒருவர் மஞ்சள் துணியை விரித்து வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளில் கை நின்றது. அதை மற்றவருக்குக் காட்டினார். இவரை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

வள்ளக்காரர் ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை. வள்ளம் போய்விட்டது.

அந்த வருசங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. "கூட்டிக்கொண்டு போனவை" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அந்த வசனத்தை முடிக்கும்படி மற்றவர் கேட்கமாட்டார். அவ்வளவுதான். நான் மணலில் நின்று அம்மாளைக் கூப்பிட்டேன். உன்னட்டைத்தானே வந்தனாங்கள் என்று கேட்டேன்.

மண்மூட்டை அடுக்கிய அறைக்குள் இவரை இருத்தியிருந்தார்கள். வாசலில் நின்றவர் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். நான் போகாமல் நின்றேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். மலைநாட்டுத் தமிழ். மொழிபெயர்க்கிறவர். என்னிலும் சில வயது இளையவராக இருக்கும். அவர் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நாலு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள ஐயாவுக்குத் திருப்தி வரலைன்னா உங்க வீட்டுக்காரர அதுல ஏத்திடுவாங்க. வேற இடத்துல விசாரிப்பாங்க. அவரு வாயே திறக்கிறாரில்ல. நீங்க வந்து சொல்லுங்க."

அப்போது பதினொன்றரை இருக்கும்.

உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை. அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். நாலு தாளும் மேசையில் விரிந்து கிடந்தன. பக்கத்தில் இவரின் அடையாள அட்டை. அட்டையிலிருந்த பெயரும் தாளில் அச்சடித்திருந்த தகப்பன் பெயரும் ஒன்றென்று அவர்கள் கண்டுவிட்டார்கள். எங்களுக்குப் பெருமையாக இருந்த வரி அங்கே வேறு மாதிரி இருந்தது.

கடைசித் தாளைத் திருப்பி என் முன்னால் தள்ளினார்கள். அப்போதுதான் அந்தப் படத்தை நான் அவர்களின் கண்ணால் பார்த்தேன். அது சுருட்டு இல்லை. மேலேயிருந்து பார்த்த ஒரு வள்ளம். இரண்டு பக்கமும் கூரான, நீட்டான வள்ளம். நடுவில் அம்பு. கீழே என் கணவரின் உருண்டை எழுத்து: நடுவில் அடித்தால் இரண்டு பக்கமும் போகும். வேகம் பார்க்க வேணும். வெளியே இறங்குதுறையில் அவர்களின் படகுகள் கட்டியிருந்தன.



இது எந்த வள்ளம், யார் கீறச் சொன்னது, எப்போது அடிக்கப் போகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்கிறவர் திருப்பிச் சொன்னார். இவர் தலை நிமிராமல், அதுவரை சொன்ன ஒரே சொல்லைத் திரும்பவும் சொன்னார்.

"சுருட்டு."

மொழிபெயர்க்கிறவருக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. அதிகாரி சிரிக்கவில்லை.

நான் தொடங்கினேன். மகள் படிக்கிறாள், வெளிநாட்டில், இது அவளின் கட்டுரை, வள்ளம் இல்லை, மேகம் என்றேன். எங்கே மேகம் என்று கேட்டார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் என்றேன். அதை எதால் பிடித்து வைத்திருக்கிறது? வெளிச்சத்தால். எதால் அடிக்கிறது? அதுவும் வெளிச்சத்தால். சொல்லச் சொல்ல எனக்கே நான் பொய்க்காரி மாதிரித் தெரிந்தது. தேர்வடக் கதையையும் சொன்னேன். மொழிபெயர்க்கிறவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இத நான் சிங்களத்துல எப்படிச் சொல்றது? எனக்குத் தமிழ்லயே புரியல."

மஞ்சளைப் பற்றியும் கேட்டார்கள், என்ன மருந்து என்று. குசினி மஞ்சள், நக்கிப் பார்க்கலாம் என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதிகாரி அச்சுத் தாள்களை எடுத்துத் தானே வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு இங்கிலிசு நன்றாகத் தெரியும் போலிருந்தது. ஆனால் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம், இரண்டு பக்கம். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவர் விரல் நின்றது. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னார். சிகார் என்று எனக்குக் கேட்டது. மொழிபெயர்க்கிறவர் எட்டிப் பார்த்தார்.

"சுருட்டு வடிவம்னு போட்டிருக்காம்மா," என்றார். குரல் மாறியிருந்தது.

அதிகாரி என் கணவரின் கையைக் காட்டச் சொன்னார். இவர் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தார். கறை பிடித்த விரல்களை அவர் பார்த்தார். என்ன தொழில்? புகையிலை என்றேன் நான். எத்தனை வருசம்? பிறந்ததிலிருந்து என்றார் இவர். அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது பேச்சு அது.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. கட்டுரையில் சுருட்டு என்று இருந்தால் அது கட்டுரை. பின்பக்கத்தில் கையால் கீறியது வேறாக இருக்கலாம். எந்தப் பள்ளிக்கூடம் ஒரு வாயுவை அடித்து அதன் வேகத்தைப் பார்க்கச் சம்பளம் கொடுக்கும் என்று கேட்டார். செக்கனுக்கு ஒரு நெல்லளவு போகிற சத்தம் எங்கே இருக்கிறது, வெடிச் சத்தம் கண்மூடித் திறக்குமுன் வருகிறதே என்றார். மகளோடு பேசவும் வழியில்லை. அவளுடைய எண் வீட்டில் கொப்பியில் இருந்தது.

எனக்குத் தெரிந்தது இன்னும் ஒன்றே ஒன்று. ஒரு பேசினில் தண்ணீர் தாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவுகிற பேசினைக் கொண்டுவந்தார்கள். சென்றி கூட்டுகிற விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினேன். வெளியே மேசை போட்டுத்தான் முதலில் வைத்தார்கள். சோழகம் விடவில்லை. நான் ஈர்க்கைப் போடுமுன்பே தண்ணீர் முழுக்கச் சுருங்கியது. உள்ளே கொண்டுபோங்கள் என்று கெஞ்சினேன். உள்ளே கொண்டுபோய், வாசலுக்குச் சாக்குப் போட்டு மறைத்தார்கள். தண்ணீர் அடங்குமட்டும் எல்லாரும் நின்றோம். அறைக்குள் அவ்வளவு பேரும் ஒரு பேசினைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றது இப்போது நினைக்க ஒரு மாதிரி இருக்கிறது.

நான் ஈர்க்கை நட்டுப் பிடித்தேன். "அம்மாளே" என்று மனதுக்குள் தொடங்கினேன். ஈர்க்கு நகருமுன்பே அதன் அடியிலிருந்து வட்டம் வட்டமாக அலை கிளம்பியது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொருதரம் பார்த்தேன். மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நடுக்கம் ஈர்க்கில் இறங்கித் தண்ணீரில் எழுதிக் காட்டியது. மெள்ளப் போனால் அலை இல்லை என்று சொல்லிவிட்டு, அசையாமல் நிற்கும்போதே அலை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இஞ்சேரும்," என்றார் என் கணவர். "இஞ்சாலை தாரும்."

அவர் கதிரையிலிருந்து எழும்பலாமா என்று கண்ணால் கேட்டார். அதிகாரி தலையசைத்தார். இவர் ஈர்க்கை வாங்கினார். நாற்று நடுகிற மாதிரி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நட்டுப் பிடித்தார். அந்தக் கை நடுங்கவில்லை. நாலு மணி வண்டி யாருக்காக வருகிறதோ அந்த மனிதரின் கை.

"நீர் சொல்லும்," என்றார்.

நான் வாய்விட்டே சொன்னேன். "அம்மாளே." ஈர்க்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தது. "அம்மாளே." தண்ணீரில் கூரை ஓட்டையால் விழுந்த ஒரு வெளிச்சப் பொட்டு கிடந்தது. ஈர்க்கு அதை ஊடறுத்துப் போனது. பொட்டு அசையவில்லை. ஈர்க்கு பேசினின் மற்ற விளிம்புவரை போய் நின்றது.  பிறகு அவர் என்னைப் பார்க்காமலே திரும்பி, ஒரு "அம்மாளே"க்குள் இரண்டு சாண் இழுத்தார். ஈர்க்குக்கு முன்னால் மெல்லிய சுருக்கங்கள் அடுக்கடுக்காக எழும்பின. வெளிச்சப் பொட்டு உடைந்து சிதறியது.

அதிகாரி எழுந்து வந்து ஈர்க்கை வாங்கினார். தானே செய்து பார்த்தார். முதல் தரம் கெதியாக இழுத்துவிட்டார். அலை வந்தது. என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. சொன்னேன். அந்த அறைக்குள், சீருடை போட்ட ஒருவர் ஈர்க்கு இழுக்க, நான் அம்மாளைக் கூப்பிட்டு எண்ணினேன். நாலாம் தரம் அவருக்கு வந்தது.

அவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிறவர் சொன்னார், ஐயா கடலில் இருபது வருசமாம், எவ்வளவு மெள்ள விட்டாலும் வள்ளம் அலை எழுப்பாமல் போய்க் கண்டதில்லையாம், அது ஏன் என்று கேட்கிறார் என்று.

நான் யோசித்தேன். ஏதாவது சொல்லித் தப்ப வேண்டும் போலிருந்தது. 

"தெரியாது சேர். பிள்ளை ஈர்க்குக்குத்தான் சொன்னவள். வள்ளத்தைப் பற்றி நான் கேக்கேல்லை."

அதைக் கேட்டு அவர் ஈர்க்கைப் பேசின் விளிம்பில் வைத்தார். பிறகு மேசைக்குப் போய், அடையாள அட்டையை எடுத்து இவர் பக்கம் தள்ளினார். கட்டுரையைத் தரவில்லை. தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும், பதில் வரும்வரை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். கோவிலுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

நாங்கள் போகவில்லை. வைக்க வந்தது இல்லாமல் எப்படிப் போவது? தேங்காயையும் வெறும் மஞ்சள் துணியையும் கொண்டு பஸ் ஏறினோம். வீடு வந்து சேருமட்டும் இவர் தன் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். அன்று நாலு மணி அடிக்கும்போது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு மகள் எடுத்தாள். அம்மாளின் காலடியில் வைத்தீர்களா என்று முதல் கேள்வியே அதுதான். தொலைபேசியில் எதையும் சொல்ல ஏலாது. "வைச்சம் பிள்ளை," என்றேன். அம்மாளின் பேரில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அன்றிரவு சாமியறையில் நிற்க எனக்குக் கூசியது.

முதல் வெள்ளி அதிகாரி இல்லை. இவர் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அடுத்த வெள்ளி நானும் கூடப் போனேன். மஞ்சள் துணியையும் கொண்டுபோனேன், தந்தாலும் தருவார்கள் என்று. பதில் வரவில்லையாம். நான் திரும்ப வெளிக்கிட, மொழிபெயர்க்கிறவர் வாசல்வரை வந்தார்.

"நீங்க போனதுலருந்து ஐயா விளக்குமாத்த ஒவ்வொண்ணா உருவுறாரு. அரைவாசி காலி. கூட்டுறவன் எங்கிட்ட வந்து சண்டை போடுறான்."

பிறகு, சிரிக்காமல், அந்த வள்ளக் கேள்வியை மகளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று ஐயா கேட்கச் சொன்னார் என்றார்.

அந்த ஞாயிறு கேட்டேன். யார் கேட்டது, எதற்கு என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கேட்டவர் என்றேன். அவள் சிரித்தாள்.

"எவ்வளவு மெள்ள எண்டு அவரைக் கேளுங்கோ. செக்கனுக்கு ஒரு சாண் எண்டால் குறிகட்டுவானிலை மத்தியானம் வெளிக்கிட்டு நயினாதீவுக்குப் போகப் பொழுதுபட்டிடும். அப்பிடி ஒரு வள்ளமும் போறேல்லை அம்மா. அவர் மெள்ள எண்டு நினைக்கிறது மெள்ள இல்லை."

அந்தக் கிழமை முழுவதும் அந்தப் பதிலை நான் மனதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு சொல் பிழைத்தால் இவரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்கிற மாதிரி. வெங்காயம் உரிக்கும்போதும் சொன்னேன், விளக்கு வைக்கும்போதும் சொன்னேன்.

மூன்றாம் வெள்ளி சென்றியில் வேறொருவர் இருந்தார். இளம் முகம். நிமிர்ந்தே பார்க்கவில்லை.  புது ஆள் என்றால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து தொடங்கும், பேசினிலிருந்து. மொழிபெயர்க்கிறவர் உள்ளேயிருந்து ஒரு உறையோடு வந்தார். ஐயாவுக்கு மாற்றமாகிவிட்டது, புதன்கிழமையே போய்விட்டார் என்றார். போகுமுன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இனிக் கையெழுத்துக்கு வர வேண்டாம்.

உறைக்குள் நாலு தாளும் இருந்தன. கடைசித் தாளின் பின்பக்கம் சுருட்டுக்கு மேலே நீல மையில் ஒரு முத்திரை. அதன் கீழே சிங்களத்தில் ஒரு வரி. பரிசோதிச்சுப் பார்த்தது என்று போட்டிருக்கிறது என்றார் மொழிபெயர்க்கிறவர்.

"தம்பி, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டு வந்தனான்," என்றேன்.

எங்கே மாற்றம் என்று தனக்குத் தெரியாது என்றார். தெரிந்தாலும் சொல்ல முடியாது என்றார். பதிலை அவரிடமே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, அவர் வந்தால் சொல்கிறேன் என்றார். வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெயராவது என்ன என்று நான் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

அடுத்த வள்ளத்தில் நயினாதீவுக்குப் போனோம். திருவிழா முடிந்து கோவில் வெறிச்சென்று கிடந்தது. ஐயர் மஞ்சள் துணியைப் பிரித்து, தாள்களைத் தேங்காயோடு தட்டில் வைத்தார். முத்திரையைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. மகளின் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். பிறகும் விலகாமல் நின்றேன். இன்னும் ஆருக்கும் செய்ய வேணுமோ என்று ஐயர் கேட்டார்.

"ஓம் ஐயா. இன்னும் ஒராள். பேர் தெரியாது. நட்சத்திரமும் தெரியாது."

ஐயர் என்னையும் இவரையும் பார்த்தார். "பேர் தெரியாட்டி அம்மாளின்ரை பேரிலை செய்யலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பொய்யையும் அப்போதுதான் அம்மாளிடம் சொன்னேன்.

திரும்பி வரும்போது காற்று விழுந்திருந்தது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. குறிகட்டுவானை அண்ட, வள்ளக்காரர் என்ஜினை நிறுத்தினார். வள்ளம் தன்பாட்டில் மிதந்து போனது. இவர் விளிம்பால் குனிந்து, வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தடியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் பார்த்தேன். முன்னால் விழுந்த சுருக்கம் சிறுத்துச் சிறுத்து வந்தது. இனி நிற்கும், இனி நிற்கும் என்று இருந்தது.

"அம்மாளே எண்டு சொல்லிப் பாரும்," என்றார்.

சொன்னேன். வள்ளம் இரண்டு சாண் போனது. இன்னொருதரம் சொன்னேன். ஒன்றரை.

"இன்னும் கெதியாத்தான் போகுது," என்றார்.

பிறகு வள்ளம் இறங்குதுறையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ரயரில் முட்டி நின்றது. சென்றியில் வரிசை தொடங்கியிருந்தது. நான் எங்கள் இரண்டு பேரின் அடையாள அட்டைகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.